பதினாறு நாள் வெயில்

கருவிகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. நான் பழகிய கருவிகளை இப்போது கண்காட்சியில்தான் பார்க்க முடியும். ஆகையால் வெயிலை அளக்கும் பைரனோமீட்டரை எப்படி மட்டம் பார்த்து வைப்பது, எந்தக் கம்பியை எங்கே செருகுவது என்றெல்லாம் எழுதிப் பக்கத்தை நிரப்பப் போவதில்லை. அதற்குக் கையேடு இருக்கிறது. நாங்கள் அதைப் படித்ததில்லை, நீங்களும் படிக்க மாட்டீர்கள்.

வெயிலை அளக்கும் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். கேட்பவர்கள் சிரிப்பார்கள், பழகிக்கொள்ளுங்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் "பொண்ணு என்ன வேலை செய்யுது?" என்று கேட்டபோது, என் அப்பா "கவர்மெண்டு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை முறுக்கின் பக்கம் திருப்பிவிட்டார்.

என் பொறுப்பில் இரண்டு நிலையங்கள் இருந்தன. ஒன்று ஈப்போவில், எங்கள் அலுவலக மொட்டைமாடியில். மற்றது மேலே கேமரன் மலையில், கம்போங் ராஜாவுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்து மேட்டில். நகரத்து வெயில் நேரத்துக்கு நேரம் எப்படி மாறுகிறது, அதே சமயம் மலையில் எப்படி மாறுகிறது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் வேலை. ஈப்போவில் காலையில் சுள்ளென்று ஏறும். மத்தியானத்துக்குமேல் மேகம் திரண்டு மழை கொட்டும்போது கோடு அப்படியே பள்ளத்தில் விழும். மலையில் வெயிலும் பனிமூட்டமும் மாறி மாறி வந்து கோடு பல் உடைந்த சீப்பு மாதிரி இருக்கும்.

அந்தக் கருவியின் தலையில் கவிழ்த்த கிண்ணம் போல ஒரு கண்ணாடி மூடி உண்டு. தினமும் விடியற்காலையில், வெயில் முகட்டைத் தாண்டி வருவதற்குள், அதை மெல்லிய துணியால் துடைத்துவிட வேண்டும். காய்கறித் தோட்டத்துச் சுண்ணாம்பு, லோரி கிளப்பும் மண், இரவுப் பனி, சிலந்தி நூல் என்று மலையில் எல்லாம் அதன்மேல்தான் வந்து உட்காரும். துடைக்காவிட்டால் வெயில் குறைந்துவிட்டது என்று கருவி சொல்லும். அதற்கு அழுக்கும் மேகமும் ஒன்றுதான்.

துடைத்தவர் பெயர் மணியம். தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை பார்த்தவர். மூச்சிரைப்பு வந்து அந்த வேலை முடியாமல் போனபிறகு, எங்களுக்கு ஆள் அனுப்பும் கான்ட்ரெக்டர் அவரைச் சேர்த்துக்கொண்டார். மனைவி பாக்கியம் அதே தோட்டத்தில் கொழுந்து எடுத்தாள். ஒரே மகள் கவிதா இடைநிலைப்பள்ளியில் படித்தாள். மூன்று பேரும் தோட்டத்து லைன் வீட்டில் இருந்தார்கள்.

இந்த வீட்டு விஷயத்தைப் புரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடு போகும். பாக்கியத்தின் பேரில்தான் வீடு இருந்தது. மணியமும் அந்த மேட்டிலேயே வேலை பார்க்கிறவர் என்பதால் தோட்டத்துத் துரை அவரையும் நம்ம ஆள் என்றே கணக்கில் வைத்திருந்தார்.

மணியம் வேலைக்கு வந்த முதல் வருடம், ஆயுத பூஜைக்கு மறுநாள், தலைமை அலுவலகத்திலிருந்து எனக்கு ஃபோன். மலையில் மேகமே இல்லாத நாளில் வெயில் திடீரென்று ஒரு பங்கு காணாமல் போய்விட்டதாம். என்ன ஏது என்று அலறி அடித்துக்கொண்டு காரை மேலே ஓட்டினேன். கண்ணாடியின் உச்சந்தலையில், சந்தனம் வட்டமாக, நடுவில் குங்குமம். கம்பத்துக்கு மாலை வேறு.

"மணியம், என்ன இது?"

"பூசை மேடம். கத்தி, மிஷினு, லோரி எல்லாத்துக்கும் வெச்சோம். இது மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?"

நான் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று. அப்புறம் இருவரும் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். பொட்டு இரும்புக் கம்பத்துக்கு, கண்ணாடிக்குக் கிடையாது. அதன்பிறகு ஒரு வருடமும் அவர் அதைத் தவறவிட்டதில்லை. காலில் செருப்போடு அந்த வேலிக்குள் நுழைந்ததும் இல்லை. அது அவருடைய பக்தி என்று நினைத்து நான் பேசாமல் இருந்தேன். வேலைக்கு நல்லதுதானே.

சில வருடங்கள் போயின. ஒரு வறண்ட மாதத்தில் தலைமை அலுவலகம் மறுபடியும் கூப்பிட்டது. இந்தமுறை திடீர்ப் பள்ளம் இல்லை. மலையில் வெயில் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வருகிறது. ஈப்போவில் ஒரு மாற்றமும் இல்லை. அங்கே உங்களைப் போலச் சுறுசுறுப்பான இளைஞர் ஒருவர் அதற்குள் நாலு காரணம் கண்டுபிடித்து வண்ணப்படமும் போட்டுவிட்டார். பிளாஸ்டிக் கூரைத் தோட்டங்களால் பனி கூடுகிறது என்பது அதில் ஒன்று. அந்த வருடத்துக் கணக்கை முடித்து அனுப்பும் நேரம் அது. தோட்டத்துக் கிளினிக்கில் மருந்து வைக்கும் குளிர்பெட்டிக்குச் சூரியத் தகடு போடலாம் என்று ஒரு திட்டமும் ஓடிக்கொண்டிருந்தது. வருடத்தின் மிக இருண்ட நாட்கள் எவை என்று நாங்கள் சொல்வதை வைத்துத்தான் எத்தனை தகடு, எத்தனை பேட்டரி என்று முடிவு செய்வார்கள். ஆகவே உடனே போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள்.

விடிவதற்கு முன்பே, ஈப்போவிலிருந்து மலைக்குப் போகும் சிம்பாங் பூலாய் பாதையில் ஏறினேன். மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வானம் கழுவிவிட்டது போல இருந்தது. மணியம் வேலிக்கு வெளியே நின்றிருந்தார். முகத்தில் தாடி. கையில் துணி இல்லை. நான் நேரே கருவியிடம் போனேன். கண்ணாடியின்மேல் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசு. சிலந்தி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நூல் இழுத்திருந்தது.

என் வாயைப் பற்றி உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். "மணியம், இது என்ன கண்ணாடியா, கடாய் மூடியா?" என்று ஆரம்பித்து வாய்க்கு வந்தபடி பொரிந்து தள்ளினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். உள்ளே வந்து பாருங்கள் என்றேன். வரவில்லை.

"வரக்கூடாது மேடம். தீட்டு."

"யாருக்கு என்ன?"

"பாக்கியம் போயிட்டா மேடம். இன்னிக்குப் பதினாறு."

காற்றில் தேயிலைச் செடிகள் அசைந்துகொண்டிருந்தன.

நெஞ்சு வலிக்கிறது என்றாளாம். பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஏற்றிக்கொண்டு கீழே ஈப்போவுக்குக் கிளம்பினார்களாம். வளைவுகள் முடிவதற்குள் அவள் முடிந்துவிட்டாள். அந்தப் பாதையில்தான் நான் அன்று காலை ஏறி வந்திருந்தேன்.

"ஒரு ஃபோன் போட்டிருக்கலாமே மணியம்."

"லீவு கேட்டா கான்ட்ரெக்டரு மூணு நாளுதான்னு சொல்லுவாரு. பதினாறு நாளுன்னா வேற ஆளப் போட்டுருவாரு. இப்ப வீடும் என் வேலைய நம்பித்தான இருக்கு லா."

"வேறு யாரையாவது துடைக்கச் சொல்லியிருக்கலாம்."

"லைன்ல பாதிப் பேரு பங்காளிங்க. அவங்களுக்கும் தீட்டு. மிச்சப் பேர வெச்சுத் தொடச்சா, அப்புறம் மணியம் எதுக்குன்னு கேப்பாங்க." தான் நின்ற இடத்தைக் காட்டி, "நான் வேலைக்கு வராம இல்ல மேடம். தெனமும் அதே நேரத்துக்கு வந்தேன். இங்கயே நின்னேன். தொடல, அவ்ளோதான்" என்றார்.

வேறு எந்த அதிகாரியாக இருந்தாலும் தீட்டு என்றால் என்ன என்று உட்கார வைத்து விளக்கம் கேட்டிருப்பார். எனக்கு அது தேவைப்படவில்லை. என் அம்மா இறந்தபோது நாங்கள் வீட்டில் விளக்குக்கூட ஏற்றவில்லை. பூசைக்குரிய பொருளை அந்த நாட்களில் அவர் எப்படித் தொடுவார்? கண்ணாடிக்குப் பொட்டு வைத்த கை அது.

என் கைக்குட்டையை எடுத்துத் தண்ணீரில் நனைத்து நானே துடைத்தேன். கருவியோடு இணைத்த பெட்டியின் திரையில் எண் சட்டென்று மேலே ஏறியது. வேலிக்கு வெளியே நின்றபடியே அதைப் பார்த்த மணியம் கண்ணை மூடிக்கொண்டார். எவ்வளவு போயிருக்கிறது என்று அவருக்கு அந்த நொடியில் தெரிந்துவிட்டது.

இப்போது சொல்லுங்கள், நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? தூசு எவ்வளவு மறைத்தது என்று கணக்குப் போட்டு எண்களைத் தூக்கிவிடுவேன் என்று ஒருவர் சொல்வார். செய்யலாம். ஆனால் எந்த நாள் எவ்வளவு தூசு படிந்தது என்று யார் பார்த்தது? நாமே வெயிலை உண்டுபண்ணிக் கொடுத்ததாக ஆகும். அந்த நாட்களைத் தள்ளிவிடுவேன் என்று இன்னொருவர் சொல்வார். அதுதான் முறை. ஆனால் தள்ளினால் காரணம் எழுத வேண்டும். துடைக்கவில்லை என்று எழுதினால் அது கான்ட்ரெக்டரின் கைக்குப் போகும். மறுநாள் மணியத்துக்கு வேலை இல்லை, வீடும் இல்லை.

மேட்டிலிருந்தே என் மேலதிகாரியைக் கூப்பிட்டேன். நல்ல மனிதர், கல்நெஞ்சக்காரர் அல்ல. முழுவதையும் கேட்டார். "பனிமூட்டம் என்று எழுதிவிடுங்கள். கேமரன் மலையில் பனி என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? எண்கள் அப்படியே இருக்கட்டும். பாவம் அந்த மனிதர்" என்றார் மலாயில். அதை அவர் சொன்ன விதத்தில் எனக்கு அழுகை வந்தது. ஒரே ஒரு சொல். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் அப்படி எழுதினால், நல்ல வெயில் அடித்த நாட்கள் வருடத்தின் இருண்ட நாட்களாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தக் குளிர்பெட்டிக்கு அதை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். தேவைக்குமேல் தகடும் பேட்டரியும் வேண்டும் என்று வரும், செலவு ஏறும். மாலைக்குள் சொல்கிறேன் என்று ஃபோனை வைத்துவிட்டேன்.

மத்தியானம் காரியத்துக்கு லைன் வீட்டுக்குப் போனேன். வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். பாக்கியத்தின் படத்துக்கு முன்னால் இலையில் அவளுக்குப் பிடித்ததெல்லாம் படைத்திருந்தது. ஓரமாக ஒரு பொட்டலம் மிளகாய் வற்றல் சிப்ஸ்கூட இருந்தது. கவிதா பள்ளிக்கூட உடுப்போடு வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். பள்ளி முடிக்கும் எஸ்.பி.எம். தேர்வுக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. அடுப்பங்கரை மேடையில் தட்டுகளுக்கு நடுவே அவளுடைய கணக்குப் புத்தகம் திறந்து கிடந்தது.

எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபிறகு மணியத்தைத் தனியே கூப்பிட்டேன். மேலதிகாரி சொன்னதைச் சொன்னேன். எழுதினால் என்ன நடக்கும், எழுதாவிட்டால் என்ன நடக்கும் என்று இரண்டையும் ஒளிக்காமல் சொன்னேன்.

"பனின்னு எழுதட்டுமா மணியம்?"

மகள் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"பனி இல்லியே மேடம்," என்றார். "பதினாறு நாளும் நல்ல வெயிலு. நான்தான் நின்னு பாத்துக்கிட்டு இருந்தேனே. அவள எரிச்ச அன்னிக்கி எப்படி அடிச்சிச்சு தெரியுமா? கண்ணத் தொறக்க முடியல. அத எப்படிப் பனின்னு எழுதுவீங்க?"

"வேலை போயிடும் மணியம்."

"தெரியும். எழுதணும்னா அவ செத்துட்டான்னு எழுதுங்க. அதுதான நடந்திச்சு."

அப்படியே எழுதினேன். காப்பாளரின் மனைவி இறந்ததால் கண்ணாடி துடைக்கப்படவில்லை, வானம் தெளிவாக இருந்தது, பதினாறு நாள் எண்களும் ஏற்கத்தக்கவை அல்ல. அதோடு நிற்காமல், ஆளை வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்று தனியாக ஒரு கடிதமும் போட்டேன். கான்ட்ரெக்டரின் அலுவலகத்துக்கு நேரிலேயே போய் உட்கார்ந்தேன். அவர் எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். "சாவு எல்லார் வீட்லயும்தான் மேடம். ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு நாப்பது பேரு வருவாங்க" என்றார். எழுந்து வரும்போது அந்தக் காப்பியை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். அதைத் தவிர வேறு எதுவும் என்னால் முடியவில்லை.

வேலை போயிற்று. நான் துரையிடம் போனேன். அவரும் மேலே பதில் சொல்ல வேண்டியவர். பெண்ணின் தேர்வு முடியும்வரை வீட்டில் இருக்கட்டும் என்றார், அதற்குமேல் வரிசையில் வேறு குடும்பங்கள் நிற்கின்றன என்றார். தோட்டத்து அலுவலகக் கணக்கர், கிராணி, வந்து தேதியைச் சொல்லிவிட்டுப் போனார். கவிதா கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு வந்த வாரத்திலேயே லோரி வந்தது.

அன்று நானும் போயிருந்தேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை, போகாமல் இருக்க முடியவில்லை. கட்டில், கேஸ் அடுப்பு, சாமிப் படங்கள், பாக்கியத்தின் கொழுந்துக் கூடை. கூடையை ஏற்றலாமா வேண்டாமா என்று மணியம் கையில் வைத்துக்கொண்டே நின்றார். கவிதா வந்து அதை வாங்கி ஏற்றினாள். அப்புறம் என்னிடம் வந்தாள்.

"ஆன்ட்டி, பனின்னு எழுதியிருந்தா யாருக்கு என்ன கெட்டுப் போயிருக்கும்?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கிளினிக்கின் குளிர்பெட்டியைப் பற்றிச் சொன்னேன். இருண்ட நாட்கள் என்று பொய்யாக எழுதினால் கணக்கு எப்படிக் கெடும் என்று விளக்கினேன். நன்றாகப் படிக்கிற பெண், முழுவதும் கேட்டாள்.

"அந்தப் பெட்டி வந்துச்சா ஆன்ட்டி?"

வரவில்லை. திட்டத்தை அதற்குள் கைவிட்டிருந்தார்கள். நான் எழுதியது சரி என்று உங்கள் முன்னால் எந்த மேடையிலும் சொல்வேன். அந்தப் பெண்ணின் முன்னால் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். உங்கள் நிலையத்துக் கண்ணாடியை யார் துடைக்கிறார்கள் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு உடம்பு சரியில்லை, அந்த வீடு யார் பேரில் இருக்கிறது என்றும் கேட்டு வையுங்கள். கோடு இறங்கியபிறகு கேட்பதில் பிரயோசனம் இல்லை. முதல் நாளே எனக்குத் தெரிந்திருந்தால், பதினாறு நாளும் நானே மேலே போய்த் துடைத்துவிட்டு வந்திருப்பேன். அவ்வளவு சின்ன வேலை அது.

மணியமும் கவிதாவும் ஈப்போவில் அடுக்குமாடி ஒன்றின் கீழ்த்தளத்தில் குடியேறினார்கள். கவிதா மருந்துக்கடை ஒன்றில் வேலைக்குப் போகிறாள். மேலே படிக்கவில்லை. நான் ஒருமுறை போயிருந்தேன். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். பகலிலும் விளக்கு எரிகிறது. மணியம் தலையைத் தூக்கி, "இங்க வெயிலு வராது மேடம்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, வீட்டைச் சுற்றிக்காட்டுகிறவர் சொல்வது போலச் சொன்னார்.

அன்றிலிருந்து அவ்வப்போது எனக்கு ஃபோன் செய்வார். பேச்சு ஒன்றுதான். மேலே இன்றைக்கு வெயில் எப்படி? நான் எண்ணைப் பார்த்துச் சொல்வேன். கூடுதலாக இருந்தால் சந்தோஷப்படுவார். ஓய்வு பெற்ற பிறகும் உங்களில் யாரையாவது கூப்பிட்டுக் கேட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். எதற்கு இந்த அம்மா அடிக்கடி கேட்கிறாள் என்று நீங்கள் சலித்துக்கொண்டதும் எனக்குத் தெரியும்.

அப்புறம் அந்த நிலையத்தை எடுத்துவிட்டீர்கள். செயற்கைக்கோள் போதும் என்று முடிவாயிற்று. உங்கள்மேல் குறை இல்லை, நானாக இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன். கம்பத்தையும் பிடுங்கி லோரியில் ஏற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். மணியத்துக்கு அது தெரியாது. அவர் மலைக்குப் போவதில்லை, மூச்சு இடம் கொடுக்கவில்லை.

ஒரு சொல்லைப் பொய்யாக எழுதாமல் விட்டவள்தான் நான். அதற்காக ஒரு வீடே காலியானது. போன வாரம் அவர் கூப்பிட்டார். குரல் ரொம்ப இறங்கியிருந்தது.

"மேடம், மேல கண்ணாடி தொடைக்கிறாங்களா?"

"தொடைக்கிறாங்க மணியம்."

"இன்னிக்கி வெயிலு எப்படி?"

ஈப்போவில் அப்போது மழை பெய்துகொண்டிருந்தது. மேலே எப்படி என்று எனக்குத் தெரியாது.

"நல்ல வெயில் மணியம்," என்றேன். "பனியே இல்ல."

"அப்ப சரி மேடம்," என்று சொல்லி வைத்துவிட்டார்.